"ஓம் தங்கச்சி" என்று தொடங்கிய செய்திகள்

விசைப்பலகையில் எனக்குக் கை வேகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதில் என்னைப்பற்றிப் பெருமையாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் விவசாயிகள் சங்கங்கள் சில சேர்ந்து நடத்தும் ஒரு சின்னக் கந்தோரில் வேலை செய்கிறேன். வீடு வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில். காலையில் உன்னிச்சைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால், பாலத்தால் வாவியைக் கடந்து, வயல்களுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்க ஒரு மணித்தியாலம். கந்தோரில் இரண்டு அறைகள். முன் அறையில் என் மேசை, அதன்மேல் ஒரு கணினி, மேசை லாச்சிக்குள் சங்கத்தின் கைத்தொலைபேசி.

அந்தத் தொலைபேசியையும் கணினியையும் கணினிக் கடைக்காரர் ஒருவர் வந்து இணைத்துத் தந்தார். அன்றிலிருந்து சின்னத் திரையில் பெருவிரலால் குத்திக்கொண்டிருக்கும் வேலை ஒழிந்தது. கணினியில் இரண்டு கையாலும் தட்டினால் போதும். லாச்சிக்குள் கிடந்தபடியே தொலைபேசி அதை அத்தனை விவசாயிகளுக்கும் அனுப்பிவிடும். அவர்கள் போடும் பதில்களும் என் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக விழும்.

நான் அனுப்புவது பெரும்பாலும் தண்ணீர்ச் செய்திதான். வெயில் காலத்துச் சிறுபோகத்தில் மழையை நம்ப முடியாது. குளத்துத் தண்ணீரை முறை வைத்து, இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள் என்று பிரித்துத் திறப்பார்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு வட்டைக்கும் அந்த வயல்வெளியைப் பார்க்கும் வட்டை விதானை மோட்டார் சைக்கிளில் போய் வீடு வீடாகச் சொல்லுவார். அதை என் பத்து விரல்கள் ஐந்து நிமிடத்தில் முடித்தன. விதானையாருக்கும் சந்தோசம்தான். பெற்றோல் மிச்சம் என்றார்.

முதல் செய்தி அனுப்பிய அன்று நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. "மூன்றாம் வாய்க்காலுக்கு வியாழன் காலை தண்ணீர் திறக்கப்படும்" என்று அனுப்பிவிட்டு ஒரு வாய் தேத்தண்ணி குடித்திருப்பேன். திரை நிறையத் தொடங்கியது. "ஓம்." "ஓம் மகள்." "ஓம் தங்கச்சி, நல்லம்." "ஓம்." "ஓம் மிஸ்." நூற்றுக்கு மேல்.

பதில் கேட்டு நான் அனுப்பவேயில்லை. ஆனால் எங்கள் சனத்துக்கு, ஒருவர் ஒன்று சொன்னால் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாது. வாய் திறக்காமல் இருந்தால் கோபம் என்று அர்த்தம், அல்லது மதிக்கவில்லை என்று அர்த்தம். படலையில் நின்று ஒரு செய்தி சொன்னால் உள்ளேயிருந்து, ஆம் என்பதற்கு, "ஓம்" என்ற குரல் வரத்தான் வேண்டும். தொலைபேசியில் வந்தாலும் செய்தி செய்திதானே. வயதான ஒருவர் ஒவ்வொரு முறையும் "ஓம் மகள், சாப்பிட்டயா?" என்று போடுவார். ஒருநாள் இரக்கப்பட்டு "சாப்பிட்டேன் ஐயா" என்று எழுதினேன். உடனே "என்ன கறி?" என்று வந்தது. அதோடு இரக்கத்தை நிறுத்திக்கொண்டேன்.

எனக்குப் பொறுமை குறைவு. அம்மா இதைச் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போனவர். ஒவ்வொரு ஓமுக்கும் கணினி "டிங்" என்று சத்தம் போட, முதல் கிழமையே சத்தத்தை அடைத்தேன். இரண்டாம் கிழமை பதில்களைத் திறந்து பார்ப்பதை விட்டேன். திறக்காவிட்டாலும் திரையின் ஓரத்தில் பதிலின் முதல் ஒன்றிரண்டு சொற்கள் தெரியும். ஓம், ஓம், ஓம் தங்கச்சி, ஓம். பார்த்தது போதாதா? மாலையில் எல்லாவற்றையும் ஒரே பிடியில் தெரிவுசெய்து அழித்துவிடுவேன். மேசையைத் துடைப்பதைப்போல அதுவும் ஒரு வேலையாகிப் போனது.

இதற்கு நடுவில் எனக்குப் பெயர் கிடைத்த கதையையும் சொல்ல வேண்டும். ஒருநாள் அழிக்கப்போகும் நேரத்தில், அந்த ஓம்களுக்கு நடுவே "கட்டு உடைஞ்சிட்டு" என்று ஒன்று கண்ணில் பட்டது. திறந்து பார்த்தேன். இரண்டாம் வாய்க்காலின் கரை உடைந்து தண்ணீர் வீணாக ஓடுகிறதாம். உடனே விதானையாருக்கு அழைத்தேன். அவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய், மண்மூட்டை அடுக்கி, அரை மணித்தியாலத்தில் அடைத்துவிட்டார். அடுத்த சங்கக் கூட்டத்தில் தலைவர் எழுந்து, "எங்கட தங்கச்சி ஒரு கதிரையில இருந்துகொண்டு முழு வட்டையையும் பார்க்கிறா" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அடக்கத்தால் அல்ல, சிரிப்பை மறைக்க.

அந்தக் கைதட்டலில் கொஞ்சம் கனத்துப்போன தலையோடு விவசாயிகளுக்கு ஒரு வகுப்பே வைத்தேன். கந்தோர் முற்றத்து மருத மரத்தின் கீழ் வாங்குகளைப் போட்டு, செய்திக்குப் பதில் அனுப்புவது எப்படி, தமிழ் எழுத்து எங்கே இருக்கிறது, எதை அமத்தினால் போகும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

"இனி ஒருத்தரும் போன் எடுத்து லைன மறிக்க வேணாம். இந்த வெயிலுக்க இஞ்ச வந்து நிக்கவும் வேணாம். என்ன பிரச்சினை எண்டாலும் மறுமொழி போடுங்க. நேரா என்ட கொம்பியூட்டரில விழும். நான் பார்ப்பன்."

நான் பார்ப்பன். இந்த இரண்டு சொல்லையும் சொன்னது நான்தான். ஒருவரும் என் வாயில் திணிக்கவில்லை.

அன்று முன் வாங்கில் ஒரு அக்காவும் இருந்தா. என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். கடைசி வாய்க்காலின் கடைசி வயல் அவவுடையது, தாய் வழியில் வந்த இரண்டு ஏக்கர். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். புருசன் இல்லை. ஏன் இல்லை, எப்போதிருந்து இல்லை என்று நான் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

கடைசி வயல் என்றால், மேலே இருக்கிற எல்லோரும் குடித்து மிஞ்சியதுதான் வந்து சேரும். அதனால் அவ அடிக்கடி கந்தோருக்கு வருவா. இரண்டு மைல் நடந்து, பிறகு பஸ் பிடித்து, வியர்த்து ஒழுகி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு நிற்பா. வந்த உடனே விசயத்தைச் சொல்லமாட்டா. எப்படி இருக்கிறீங்க தங்கச்சி, அம்மாட கால்நோ எப்படி, பஸ்ஸில சனமா என்று எல்லாம் கேட்டு, போகிற நேரத்தில்தான், ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்ததைப்போல, "மறுகா தங்கச்சி, எங்கட பக்கம் தண்ணி கொஞ்சம் குறைவாத்தான் வருது" என்பா. எனக்கு எரிச்சலாக வரும். அதை முதலிலேயே சொன்னால் என்ன?

ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன். "இதுக்காக இவ்வளவு தூரம் வாறீங்களா அக்கா? அண்டைக்கு வகுப்பில என்ன சொல்லித்தந்தன்? ஒரு மெசேஜ் போட்டா முடிஞ்சுது தானே."

முகம் கொஞ்சம் வாடியது. "ஓம் தங்கச்சி. இனி அப்படியே செய்யிறன்" என்றா. அதன் பிறகு அவ வரவில்லை. நான் அதை என் வகுப்பின் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

வைகாசி வந்தது. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் வருடாந்தச் சடங்கு. கோயில் கதவு திறந்த நாளிலிருந்து கடைசி நாள் குளிர்த்தி முடியும்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் தரையில் கால் நிற்காது. அந்த வருடம் எங்கள் குடும்பத்துப் பூசையும் இருந்தது. அந்தக் கிழமை முழுவதும் என் உடம்புதான் கந்தோரில் இருந்தது. மூன்று மணிக்கே பஸ்ஸுக்கு ஓடிவிடுவேன்.

அதே கிழமைதான் கடைசி வாய்க்காலின் முறை. செய்தியை அனுப்பினேன். வழமைபோலத் திரை நிறைந்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஓடினேன். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே.

இடையில் விதானையார் ஒரு தடவை அழைத்தார். அவருடைய ஊரிலும் சடங்கு. பின்னால் பறைச் சத்தம் கேட்டது.

"புள்ள, கடைசி வாய்க்கால் ஆக்கள் ஏதும் சொன்னவங்களா? போய் ஒருக்கா பாக்கோணுமா?"

"இல்ல ஐயா. எல்லாம் ஓம்தான்."

"அப்ப சரி. நான் சடங்கு முடிச்சிட்டு வாறன்."

அவர் போகத் தயாராகத்தான் இருந்தார். கேட்டுவிட்டுத்தான் நின்றார். இதை நான் பிறகு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

குளிர்த்தி அன்று அம்மனைக் குளிர்விக்கத் தெளித்த தண்ணீர் என் முகத்திலும் பட்டது. ஊருக்கு மழை வேண்டும், பயிர் விளைய வேண்டும் என்று எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. தெரியாமல்தான் கும்பிட்டேன் என்று சொல்லி மனதைத் தேற்றப் பார்க்கிறேன், தேறுவதில்லை. தெரிந்திருக்க வேண்டியது என் மேசையில்தான் இருந்தது.

சடங்கு முடிந்து பத்து நாள் இருக்கும். மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று தொடங்கி, கந்தோர் முற்றமெல்லாம் தூசி. விதானையார் உள்ளே வந்து கதிரையில் விழுந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது.

"கடைசி வயல்காரப் பிள்ளை என்னைச் சந்தியில வச்சு நாறடிச்சிட்டுது புள்ள. அம்பது சனம் பாத்துக்கொண்டு நிக்குது. உனக்கு என்னத்துக்கு விதானை வேலை எண்டு கேக்குது."

என்ன நடந்தது என்று கேட்டேன். அவவுடைய வயலுக்குச் சற்று மேலே வாய்க்கால் ஒரு சின்ன மதகுக்குள்ளால் போகிறது. காற்றில் முறிந்த கொப்பு ஒன்று அதற்குள் செருகி, வைக்கோலும் குப்பையும் சேர்ந்து அடைத்துவிட்டதாம். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. மேலே இருந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் போனது. அதற்குக் கீழே இருந்தது அவவுடைய வயல் மட்டும்தான். அவ தனியாகக் கொப்பை இழுத்துப் பார்த்திருக்கிறா, அசையவில்லை. இரண்டு ஆம்பிளைகள் மண்வெட்டியோடு போயிருந்தால் அரை மணித்தியால வேலை. முறை முடிந்து தண்ணீரை மறித்துவிட்டார்கள். பயிர் குடலை தள்ளுகிற நேரம், நெல்லுக்குத் தண்ணீர் மிக வேண்டிய நேரம். அதற்கு மேல் கச்சான் காற்று. எல்லாம் வெளுத்துப்போயிற்று என்றார் விதானையார்.

"கந்தோருக்கு மூண்டு தரம் மெசேஜ் போட்டதாம். வந்ததா புள்ள?"

"பாத்துச் சொல்றன் ஐயா."

நான் அழித்தவை உடனே ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. குப்பைக்கூடையில் கிடப்பதைப்போல ஒரு மாதம் வேறு ஓரிடத்தில் கிடக்கும். விதானையார் வெளியே போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அதைத் திறந்தேன். ஆயிரக்கணக்கில் ஓம். அவவின் இலக்கத்தைத் தட்டித் தேடினேன். மூன்று வந்து விழுந்தன.

திரையின் ஓரத்தில் மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரிந்தன: "ஓம் தங்கச்சி". திறந்தேன்.

"ஓம் தங்கச்சி. உங்கட செய்தி கிடைச்சிது. அம்மாட கால்நோ சுகமா. எங்கட வயலுக்குத் தண்ணி வரல்ல."

"ஓம் தங்கச்சி. மறுகாலும் நான்தான். கோவிக்க வேணாம். மதகு அடைச்சிருக்கு, தண்ணி வரல்ல. ஆரையும் அனுப்புவீங்களா."

"ஓம் தங்கச்சி. நீங்க பாத்திருப்பீங்க எண்டு தெரியும். வேலை கூடவாக்கும். நான் வாய்க்கால் கட்டிலதான் நிக்கிறன்."

மற்றவன் "கட்டு உடைஞ்சிட்டு" என்று தலையிலடித்தாற்போல எழுதினான், என் கண்ணில் பட்டது. இவ மரியாதையாக எழுதினா. செய்தி கிடைத்தது என்று முதலில் சொல்லி, என் அம்மாவின் காலை விசாரித்து, தன் தேவையைக் கடைசியில் வைத்தா. வாசலில் வந்து நின்றபோது எப்படிப் பேசினாவோ அப்படியே எழுதினா. வாசலில் நின்றால் கடைசிச் சொல் வரை கேட்டுத்தான் ஆக வேண்டும். கணினியில் முதல் சொல்லோடு எறிந்துவிடலாம்.

ஏன் இரண்டு மைல் நடந்து வந்து சொல்லவில்லை என்று ஒரு கணம் எனக்கு அவமீது கோபம்கூட வந்தது. வர வேண்டாம் என்று சொன்னதே நான்தான் என்பது அடுத்த கணம்தான் ஞாபகம் வந்தது.

விதானையார் வாயைத் துடைத்தபடி உள்ளே வந்தார். "என்ன புள்ள, வந்ததா?"

"வரல்ல ஐயா" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல். அவர் பெருமூச்சு விட்டு, "அப்ப அந்தப் பிள்ளைட போனிலதான் ஏதோ பிழை" என்றார். எழுந்து போனார். அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் தேயும்வரை இருந்தேன். பிறகு அந்தக் கூடையையும் வெறுமையாக்கினேன். நிரந்தரமாக அழிக்கவா என்று கணினி கேட்டது. ஆம் என்பதை அமத்தினேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்காது. தலைவர் நல்ல மனிதர், இரண்டு ஏச்சு ஏசியிருப்பார். போயிருப்பது என் பெயர். கெட்டிக்காரி, கதிரையில் இருந்துகொண்டு முழு வட்டையையும் பார்க்கிறவள் என்ற பெயர். அதைக் காப்பாற்றத்தான் அத்தனையும். அதற்காக ஒருத்தியின் ஒரு போகம். எழுதும்போது இப்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இப்படித்தான் நடந்தது.

ஆடியில் மற்றவர்கள் வெட்டினார்கள். பஸ் யன்னலால் பார்த்துக்கொண்டு போவேன். வெட்டும் இயந்திரங்கள் வயலுக்கு வயல் இறங்கின, தார் ரோட்டின் ஒரு பக்கம் முழுவதும் நெல் காயப் போட்டிருந்தார்கள். அவவுடைய வயலில் இயந்திரம் இறங்கவில்லை. பதருக்கு எதற்கு இயந்திரம்? மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டா என்று கேள்விப்பட்டேன். சங்கக் கூட்டத்தில் அதைப்பற்றிப் பேச்சு வந்தபோது, "பாவம், போன் சரியில்லாமல் போச்சு" என்று யாரோ சொன்னார்கள். நான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. அன்றைக்கு மறைக்கச் சிரிப்பு இருக்கவில்லை.

ஆவணியில் ஒருநாள் காலை பதினொரு மணியிருக்கும். வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். அவதான்.

அவவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, ஏசத்தான் வந்திருக்கிறா என்று நினைத்தேன். அதோடு, மறைக்காமல் சொல்கிறேன், ஏசட்டும், ஏசினால் முடிந்துவிடும் என்று ஒரு ஆறுதலும் வந்தது.

அவ பையிலிருந்து வாழைச்சருகில் சுற்றிய ஒரு வெள்ளரிப்பழத்தை எடுத்து என் மேசையில் வைத்தா.

"வயல் சும்மாதானே கிடந்தது தங்கச்சி. ஓரத்தில குடத்தால தண்ணி ஊத்திக் கொஞ்சம் வெள்ளரி போட்டன். நல்லாக் காய்ச்சிது. சீனி போட்டுத் தின்னுங்க. அம்மாட கால்நோ எப்படி?"

அந்தப் பழத்தைத் தொண்டையில் இறக்க முடியவில்லை என்று எழுதினால் எனக்கு நல்ல பெயர் வரும். அன்று பின்னேரம் வீட்டில் வெட்டி, சீனி போட்டுத் தின்றேன். வாயில் கரைந்தது, நல்ல பழம். இரண்டாவது கோப்பையும் போட்டுக்கொண்டேன்.

அவ கேட்டதற்கு, அம்மாவுக்குச் சுகம் என்றேன். இருக்கச் சொன்னேன். அவ வாங்கின் நுனியில் குந்திக்கொண்டு, தொலைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினா. கீறல் விழுந்த பழைய தொலைபேசி. மூன்று செய்திகளும் அதில் அப்படியே இருந்தன. நான் நிரந்தரமாக அழித்தது என் பக்கத்தை மட்டும்தான்.

"இஞ்ச பாருங்க தங்கச்சி, இதில போனதெண்டுதான் கிடக்கு. ஆனா உங்களுக்கு வரல்ல எண்டு விதானையார் சொன்னவர். நான் படிக்காதவள்தானே, ஏதோ மாறி அமத்திட்டன் போல. பெரிய மகளும் அதைத்தான் சொல்றா. அம்மா உங்களுக்கு இதெல்லாம் ஏலாது எண்டு."

சொல்ல வேண்டிய இடம் இதுதான். கந்தோரில் வேறு யாரும் இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. "அக்கா, வந்தது. நான்தான் பார்க்கல்ல." நாலு சொல். நிமிடத்துக்கு எத்தனையோ சொல் தட்டுகிறவளுக்கு நாலு சொல் வாயில் வரவில்லை.

"சில நேரம் அப்படி நடக்கும் அக்கா" என்றேன்.

"ஓம், ஓம். அதான் வந்தன். வாற போகத்துக்கும் இப்படிப் பிழை விட்டா நாங்க சீவிக்க ஏலா. ஒருக்கா முதல்ல இருந்து சொல்லித்தருவீங்களா? உங்களுக்கு வேலை இருந்தா நான் வெளியில இருக்கிறன்."

சொல்லிக்கொடுத்தேன். எதைத் திறப்பது, எங்கே எழுதுவது, எதை அமத்துவது. அவவுக்கு எல்லாமே தெரிந்திருந்தது. நான் சொல்ல முன்பே விரல் போய் நின்றது. அப்படியும் ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்து, நான் தலையாட்டிய பிறகுதான் அமத்தினா.

"இப்ப ஒண்டு அனுப்பிப் பாக்கட்டா? அங்கால போய் நிண்டு அனுப்புறன். கிட்ட இருந்தா போகுதோ எண்டு தெரியாதே."

வெளியே போய், நான் வகுப்பு வைத்த அதே மருத மரத்தின் கீழ் நின்றா. காற்றில் சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தொலைபேசியைப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமத்தினா. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் விழுந்தது.

"ஓம் தங்கச்சி".

திறந்தேன். "ஓம் தங்கச்சி. தண்ணி வரல்ல."

குத்திக்காட்டுவதற்காக எழுதியதல்ல. அவவுக்கு அது வராது. முன்பும் எழுதிப் பழகியது அதுதான், கை தன்பாட்டில் எழுதியிருக்கிறது.

"வந்திட்டா தங்கச்சி?" மரத்தடியிலிருந்து குரல்.

"வந்திட்டு அக்கா."

"அப்ப ஒரு மறுமொழி போடுங்க. அது எனக்கு வருதா எண்டும் பாப்பம்."

விசைப்பலகையில் கை வைத்தேன். "கிடைத்தது அக்கா. ஆள் அனுப்புகிறேன்." வைகாசியில் அனுப்பியிருக்க வேண்டியது. ஆவணியில் அனுப்பினேன். வெளியே அவவின் தொலைபேசி ஒலித்தது. அவ அதை உதடசைத்து, எழுத்துக் கூட்டி வாசிப்பதை யன்னலால் பார்த்தேன். வாசித்து முடித்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு. பிள்ளை நடக்கத் தொடங்கியதைப் பார்த்த தாய்க்கு வருகிற மாதிரி ஒரு சிரிப்பு.

உள்ளே வந்து பையை எடுத்துத் தோளில் போட்டா. செருப்பை மாட்டினா. போகிற நேரத்தில்தான், வழமைபோல, வாசலில் நின்று திரும்பினா.

"மறுகா தங்கச்சி, போன் நல்லாத்தான் இருக்கு. அப்ப அண்டைக்குப் பிழை விட்டது நான்தான். பாவம் விதானையார், அவரச் சந்தியில வச்சு, சனத்துக்கு முன்னால வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிப்போட்டன். இப்ப போற வழியில அவர்ர வீட்ட போய் மன்னிப்புக் கேட்டுப்போட்டுத்தான் போகப் போறன். என்ன தங்கச்சி, பிழை விட்ட ஆள் கேக்கத்தானே வேணும்?"

பதிலுக்காக வாசலிலேயே நின்றா.

"ஓம்" என்றேன்.